உங்கள் அத்தையின் இடது பக்கத்துப் பல்

"அண்ணே, பல்லு ஆடுதுண்ணே."

தினமும் எல்லை தாண்டிப் போய் வேலை பார்த்த சிங்கப்பூர்த் தொழிற்சாலையிலிருந்து, சாப்பாட்டு இடைவேளையில் உங்கள் அத்தை என்னைக் கைப்பேசியில் கூப்பிட்டு இதைச் சொன்னாள். நான் இந்தப் பக்கம் ஜொகூரில், கெலாங் பாத்தாவில், கடைவீட்டு மாடியில் இருக்கும் எங்கள் பல் லேப்பில், ஒரு பிளாஸ்டிக் தட்டின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பல் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரியும். மேல் வரிசையில் இடது பக்கம், நடுப்பல்லுக்கு அடுத்த பல். "நாக்கால தொட்டா நகருதுண்ணே. காலையில பிரஷ் பண்றப்பவே தெரிஞ்சுச்சு. பஸ்ல வரும்போது உங்களுக்குச் சொல்லலாம்னா பக்கத்துல ஆள் உக்காந்திருந்தாங்க." அவளுக்குப் பின்னால் கேன்டீன் சத்தம் கேட்டது. பிறகு, "தட்டைக் கழட்டிடவா, போட்டுக்கவா?" என்று கேட்டாள். அந்தத் தட்டை அவளுக்குச் செய்து கொடுத்தவன் நான். அதனால்தான் என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் நிரப்பிக் கொடுக்கும் பாரங்களில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் டெக்னீஷன் என்று எழுதிக் கொண்டுபோகிறீர்கள். நான் பள்ளிப் படிப்பை ஐந்தாம் படிவத்தோடு நிறுத்தியவன். படித்துக் கற்ற வேலை இல்லை இது, கை பழகிய வேலை. கோணலாக இருக்கும் பற்களை நேராக்க முன்பெல்லாம் கம்பிதான் கட்டுவார்கள். இப்போது கண்ணாடி மாதிரி ஒரு தட்டு வந்திருக்கிறது. அலைனர் என்று பெயர், நாங்கள் தட்டு என்போம். டாக்டர் வாயைப் படமெடுத்து அனுப்புவார். கணினியில் பற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வாய் அச்சு எடுப்போம். அந்த அச்சின் மேல் சூடான பிளாஸ்டிக் தாளை அழுத்தினால் ஒரு தட்டு. அதை நோயாளி சாப்பிடும் நேரமும் பல் விளக்கும் நேரமும் தவிர எப்போதும் போட்டிருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு தட்டு. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்றுகூட என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஓரத்தில் பொறித்த எண்ணைப் பார்த்துத்தான் சொல்வேன்.

அத்தையின் அந்தப் பல்லுக்கு வரிசையில் இடம் போதாது. முன்னால் வந்து, சற்றுத் திரும்பி நிற்கும். அதை யாரும் அவளிடம் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் அவள் வாயை மூடியே சிரித்துப் பழகியவள். நிச்சயதார்த்தத்தன்று படம் எடுக்க வந்தவர் பத்து முறை சொல்லிப் பார்த்தார். "சிஸ்டர், கொஞ்சம் பல்லு தெரிய சிரிங்க லா. கல்யாணப் பொண்ணு மாதிரி இல்ல, கடன்காரன பாத்த மாதிரி இருக்கு." எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள், வாயை மூடிக்கொண்டுதான். மறுவாரமே ஜொகூர் பாருவில் ஒரு டாக்டரிடம் போய் உட்கார்ந்துவிட்டாள். கம்பி வேண்டாம், வெளியில் தெரியாத தட்டுதான் வேண்டும் என்று கேட்டாள். கல்யாணம் அடுத்த ஆவணியில். இருபத்துநான்கு தட்டு, சரியாக ஆவணியில் முடியும் என்று டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தட்டுகளைச் செய்யும் வேலை எங்கள் லேப்புக்கே வந்தது. தங்கச்சியின் வாய் அச்சு என் மேசைக்கு வந்தபோது எனக்கு ஒரே பெருமை. அதைக் கைப்பேசியில் படமெடுத்து உங்கள் அம்மாவுக்கு அனுப்பினேன். "சாப்பாட்டு நேரத்துல இதையா அனுப்புவீங்க" என்று திட்டு வாங்கினேன்.

பத்தாவது தட்டில் இருக்கும்போது தேதி மாறியது. மாப்பிள்ளை வீடு பத்து பாகாட் என்ற ஊரில். அங்கே நாங்கள் நம்பியிருந்த மண்டபம் ஆவணியில் கிடைக்கவில்லை. ஆடியில் கல்யாணம் வைக்கிற பழக்கம் நம்மிடம் இல்லை. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை யாரோ வேண்டாம் என்று விட, மாப்பிள்ளை வீட்டார் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு ஒன்பதே வாரம். பதினான்கு தட்டு மிச்சம். அப்போது நம் வீட்டில்தான் இருந்த அத்தை அன்று மாலை வேலை முடிந்து வந்து, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் என் எதிரில் நின்றாள். "அண்ணே, நீங்கதானே அத செய்றீங்க. கொஞ்சம் வேகமா தள்ற மாதிரி செஞ்சு குடுக்க முடியாதா?" டாக்டரைக் கேட்கலாமே என்றேன். "டாக்டர் முடியாதுன்னுதான் சொல்லுவாங்க. அவங்களுக்கு என்ன அவசரம், அவங்க கல்யாணமா?" என்றாள்.

நான் என்ன ஆள் என்று உங்களுக்குத் தெரியும். சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைக்கு மாறி மாறி, கடைசியில் முதலில் இருந்த வரிசைக்காரனுக்குப் பின்னால் போய்ச் சேருகிற ஆள். சோறு வெந்ததா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்து உங்கள் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆள். கால் மில்லிமீட்டர் என்ன பெரிய தூரம் என்று தோன்றியது. ஒரு தட்டு விட்டு ஒரு தட்டு போட்டால் அரை மில்லிமீட்டர், அவ்வளவுதானே. இரண்டு வாரத்தை ஒரு வாரமாக்கினால் ஏழு வாரத்தில் முடிந்துவிடும். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் மிச்சமே இருக்கும். பதினாறாவது வரைக்கும் டாக்டர் ஏற்கெனவே அவளிடம் கொடுத்திருந்தார். பதினெட்டையும் இருபதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமில், யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, நானே அச்சு எடுத்து அழுத்தினேன். டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளை, வேலை அதிகம் என்று சொல்லி அத்தை தள்ளிப் போட்டாள். இரண்டு மடங்கு தூரம், பாதி நேரம். அது நான்கு மடங்கு வேகம் என்பது கணக்குப் படிக்கிற உங்களுக்கு உடனே தெரியும். எனக்கு அன்று ஏழு வாரம் என்பது மட்டும்தான் தெரிந்தது.

பன்னிரண்டும் பதினான்கும் சிரமத்தோடு உட்கார்ந்தன. பதினாறில் அந்தப் பல்லின் நுனிக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி தெரிந்தது. பல் தட்டோடு வரவில்லை, பின்தங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அதைக்கூட நான் தெரிந்தே வைத்திருந்தேன். தெரிந்தும், "ரப்பரை நல்லா கடி, இறங்கிடும்" என்றேன். தட்டு நன்றாக உட்காரக் கடிப்பதற்கென்று ஒரு ரப்பர் உருளை கொடுப்பார்கள். விடியுமுன் புறப்படும் தொழிற்சாலை பஸ்ஸில் அதைக் கடித்துக்கொண்டே போவாள். பதினெட்டில் வலி தாங்காமல் மாத்திரை போட்டாள். இருபதில் வலி நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று இருவருமே நினைத்தோம்.

அந்த அழைப்பு வந்த அன்று முதலாளியிடம் அரைநாள் கேட்டுக்கொண்டு, அவள் எல்லை தாண்டி வரும்வரை காத்திருந்து, நேரே டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் என்னைவிட இளையவர். கண்ணாடியும் முகமூடியும் போட்டிருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளை என்றே நினைப்பீர்கள். தட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பார்த்தார். "இருபது," என்றார். "நான் பதினாறு வரைக்கும்தானே குடுத்தேன். மிச்சம் குட்டி போட்டுச்சா?" அத்தை கூரையைப் பார்த்தாள். "நான்தான் செஞ்சேன் டாக்டர்," என்றேன். "நீங்க யாரு?" "இவ அண்ணன். உங்களுக்குத் தட்டு செய்யற லேப்லதான் வேலை பாக்குறேன்." அவர் முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அலமாக், அட கடவுளே! அப்ப என் கணக்கைத் திருத்தினது நீங்கதானா? சொல்லியிருந்தா நான் வீட்டுல உக்காந்திருப்பேனே."

அதற்குப் பிறகு அவர் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு ஜோடி கையுறையை என்னிடம் நீட்டினார். போட்டுக்கொள்ளச் சொன்னார். "உங்க தங்கச்சிதானே, வாங்க. ஒரு விரல் முன்னால, ஒரு விரல் பின்னால. மெதுவா." பிள்ளைகளே, அந்த லேப்பில் ஆயிரக்கணக்கான பற்கள் என் கையில் போயிருக்கின்றன. எல்லாம் பிசினில் அச்சடித்த பற்கள், கல் மாதிரி இருக்கும். உயிருள்ள ஒருவரின் பல்லை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. வெதுவெதுப்பாக இருந்தது. நான் அழுத்தவே இல்லை, விரல் பட்டதும் அது அசைந்தது. அத்தையின் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "எவ்வளவு அண்ணே?" என்று விரல்களுக்கு நடுவிலேயே கேட்டாள். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

எக்ஸ்ரே படத்தை மாட்டி டாக்டர் காட்டினார். பல் எலும்பில் அடித்த ஆணி இல்லை. வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. மெதுவாகத் தள்ளினால், தள்ளும் பக்கத்து எலும்பு கரைந்து வழி விடும், பின்பக்கம் புது எலும்பு வளர்ந்து அடைக்கும். தட்டோ கம்பியோ தள்ளிக் காட்டுவதோடு சரி, நகர்த்துகிற வேலையை உடம்புதான் செய்கிறது, அது தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும். வேகமாகத் தள்ளினால் சவ்வு நசுங்கும், ரத்தம் போகாது, முன்னால் எலும்பு கரையும், பின்னால் வளர நேரம் இருக்காது. படத்தில் அத்தையின் பல் வேரைச் சுற்றி, எலும்பு கரைந்த இடத்தில், ஒரு கறுப்பு வளையம் தெரிந்தது. "தலைய இங்க இழுத்துட்டீங்க. காலு இன்னும் அங்கயே நிக்குது. வேரோட நுனி வேற கரைஞ்சு மழுங்கியிருக்கு பாருங்க," என்றார் டாக்டர். பல் தங்குமா என்று அத்தை கேட்டாள். "இப்ப சொல்ல முடியாது. மூணு மாசம் ஒண்ணும் செய்யாம இருக்கணும். அப்புறம் பாத்துச் சொல்றேன்." ஒன்றும் செய்யாமல் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆடுகிற பல்லை அக்கம்பக்கத்துப் பற்களோடு பிடித்து வைக்க ஒரு மெல்லிய கம்பி வேண்டும். தள்ளாத கம்பி, பிடித்துக்கொள்ள மட்டும். பல்லுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்களேன், வெளியே தெரியாதே என்று அத்தை கெஞ்சினாள். "பின்னால கீழ்ப்பல்லு வந்து இடிக்கும். ஆடற பல்லுல இடி விழக் கூடாது," என்றார் டாக்டர். ஆக, கம்பி தெரியக் கூடாது என்று தொடங்கியவளுக்கு, கல்யாணத்துக்கு நான்கு வாரம் இருக்கும்போது முன்பற்களில் வெள்ளிக் குமிழ்களும் அவற்றைக் கோத்த கம்பியும் ஏறின.

நான் செய்ததை லேப் முதலாளியிடம் மறுநாளே சொல்லிவிட்டேன். அவர் என்னை அச்சு இயந்திரத்திலிருந்து எடுத்துச் சில மாதம் கழுவுகிற இடத்தில் போட்டார். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வீட்டில் சும்மா இருப்பதுதான் என்னால் முடியாத வேலையாக இருந்தது. பல் வலித்தால் மருந்து கொடுக்கலாம், உடைந்தால் ஒட்டலாம். இதற்கு எதுவுமே செய்யக் கூடாது. கஞ்சியும் மசித்த சோறும் மட்டும். நான் தினமும் வாசலில் நின்று, அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் "ஆடுதா?" என்று கேட்பேன். நான்காம் நாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைக் கும்பிட்டாள். "கேக்காதீங்கண்ணே. நீங்க கேட்டா நாக்கு தானா அங்க போகுது. தள்ளிப் பாக்குது." அதோடு கேட்பதையும் விட்டேன். கேட்காமல் அவள் வாயையே பார்ப்பேன். அதற்கும் உங்கள் அம்மா என்னை அடுப்படிக்குத் துரத்துவாள். அங்கே போய்க் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவுவேன். மாப்பிள்ளை ஒருவர்தான் அந்த வீட்டில் யாரையாவது சிரிக்க வைத்தார். பத்து பாகாட்டிலிருந்து அவர் பேசும்போது அத்தை ஸ்பீக்கரில் போடுவாள். "பல்லு ஆடுற கிழவிய கட்டப் போறேன்னு அம்மாகிட்ட சொல்லிடவா? பால் சோறு ரெடி பண்ணச் சொல்றேன்."

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அத்தை மறுபடியும் டாக்டரிடம் போனாள். நானும் போனேன். ஒரு நாளைக்கு மட்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இதை எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். டாக்டர் முடியாது என்று சொல்லவில்லை. "உங்க வாய். எடுக்கச் சொன்னா எடுக்கறேன். திங்கக்கிழமை திரும்ப மாட்டுறதுக்கு அந்தப் பல்லு இருக்குமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது." அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். தொலைபேசியில் கழற்றவா போட்டுக்கவா என்று கேட்டாளே, அதே பார்வை. இந்தத் தடவை எனக்குப் பதில் தெரியும். ஆனாலும் நான் தரையைப் பார்த்தேன். நான் சொல்லி அவள் கேட்டதெல்லாம் போதும் என்றிருந்தது. அவள் கொஞ்ச நேரம் நாற்காலியின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "இருக்கட்டும் டாக்டர். ரப்பர் மட்டும் சேலை கலர்ல மாத்தி விடுங்க," என்றாள். கம்பியைக் குமிழோடு பிடிக்கும் குட்டி ரப்பர் வளையங்கள் பல நிறத்தில் உண்டு. அரக்குச் சிவப்பில் டாக்டர் மாட்டி விட்டார்.

தாலி கட்டி முடிந்ததும் படக்காரர் மெதுவாக வந்து, கம்பியைக் கணினியில் அழித்துவிடலாம், ஒன்றும் தெரியாது என்றார். மாப்பிள்ளை விடவில்லை. "அழிக்காதீங்க பாஸ். நாளைக்கு நான் வேற பொண்ண கட்டிட்டேன்னு சொல்லுவாங்க." நம் வீட்டு ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அத்தை வாயைத் திறந்து சிரிக்கிறாள். பக்கத்தில் நிற்கும் நான் படக்கருவியைப் பார்க்கவில்லை. அவள் பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், இவ்வளவு சிரிக்கிறாளே என்று.

மூன்று மாதம் முடிந்த அன்று டாக்டர் பல் பார்க்கும் கண்ணாடியின் கைப்பிடியால் அந்தப் பல்லைத் தட்டினார். பக்கத்துப் பல்லைத் தட்டினார். திரும்ப அதைத் தட்டினார். எனக்கு இரண்டு சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டது. இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டு, "நிக்குது," என்றார். அத்தை அழுதுவிட்டாள். நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், திரும்ப எழுந்தேன். "உக்காருங்கண்ணே, இன்னும் முடியல," என்றார் டாக்டர். அதற்குப் பிறகு பத்து மாதம். முதலில் உருண்டையான மெல்லிய கம்பி, அது வளைந்து கொடுத்து மெதுவாகப் பல்லை வரிசைக்குக் கொண்டுவந்தது. பிறகு பட்டையான தடித்த கம்பி, அது குமிழின் சதுரப் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்து வேரையும் திருப்பிக் கொண்டுவந்தது. பின்தங்கிய கால், தலைக்கு நேராக வந்து நின்றது. அந்தக் கம்பி என்ன செய்கிறது என்று ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஏழு வருடம் இந்த வேலை பார்த்தும் நான் கேட்காமல் விட்ட கேள்விகள் அவை.

கடைசி எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக வளர்ந்திருந்தது. கறுப்பு வளையம் இல்லை. ஆனால் மழுங்கிய நுனி மழுங்கியதுதான். எலும்பு திரும்ப வளரும், வேர் வளராது. மற்றப் பற்களின் வேரைவிட அது குட்டை, இனி எப்போதும் அப்படித்தான். பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் நிற்கும், எத்தனை வருடம் என்று கேட்காதீர்கள் என்றார் டாக்டர்.

போன தீபாவளிக்கு அத்தை வந்திருந்தபோது, அவள் முறுக்கைத் துணியில் சுற்றி, அம்மிக் குழவியால் தட்டி நொறுக்கி, துண்டு துண்டாகக் கடைவாயில் போட்டுத் தின்றதைப் பார்த்து நீங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அத்தை, பல்லு இல்லாத பாப்பாவா நீங்க?" என்று சின்னவள் கேட்டாள். அவளும் சிரித்தாள், நேரான பல் எல்லாம் தெரிய. "எனக்கு இப்படித்தான்டா பிடிக்கும்," என்றாள். என்னை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எழுந்து வெளியே போய்க் காரைக் கழுவினேன். மழை பெய்துகொண்டிருந்தது. மழையில் யாராவது காரைக் கழுவுவார்களா என்று கேட்டுச் சிரித்தீர்களே, அன்று நான் சொல்லாத பதில் இதுதான்.